போன் பறிப்புக்கு ஒரு கிராஃப்

போன ஞாயிறு கும்மிடிப்பூண்டியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு போடுவார்கள் என்று பார்த்தால் கிராஃப் போட்டுக்கொண்டிருந்தார்கள்!

விஷயம் இதுதான். தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தத் தெருவில், சாயங்காலமானால் பைக்கில் வந்து செல்போன் பறிக்கிறார்கள். 'எல்லாம் வடக்கத்திப் பையன்கள் வேலை' என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. அண்ணன் வீட்டு மாடியில் ஒடிசா பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள்.

"இன்னிக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றார் அண்ணன்.

"நைனா, கொஞ்சம் இரு" என்றாள் அவர் மகள் ரேவதி. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள்.

பறிப்பு நடந்த இடம், நேரம், தெருவிளக்கு, மதுக்கடை, வடமாநிலப் பையன்கள் தங்கும் வீடுகள்... எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். ரிசல்ட் வந்தது. வடமாநிலப் பையன்கள் எங்கே அதிகமோ, அங்கேதான் பறிப்பும் அதிகம்!

அண்ணன் துள்ளினார். "நான் இன்னா சொன்னேன்? கம்ப்யூட்டரே சொல்லுது பாரு!"

"ரெண்டும் ஒரே எடத்துல கீதுன்னுதான் சொல்லுது நைனா. அவங்கதான் எடுத்தாங்கன்னு சொல்லல. இதெல்லாம் நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்ல வந்த புகாரு. குரூப்ல இல்லாதவங்க?"

மாடியிலிருந்து பிகாஷ் என்ற பையனைக் கூப்பிட்டோம். பயந்துகொண்டே வந்தான்.

"உன் போன் எப்பனா போச்சா?" என்று கேட்டாள் ரேவதி.

"போச்சு அக்கா. ரூம்ல எல்லார் போனும் போச்சு. போலீஸ் பயம்... சொல்லல."

யாரைத் துரத்த இருந்தோமோ, அவர்கள்தான் பறிகொடுத்தவர்கள்! பக்கத்து வீடுகளில் தங்கியிருந்த வடமாநிலப் பையன்களிடமும் விசாரித்தோம். அதே கதை. ஷிப்ட் முடிந்து, ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டே ரோட்டில் நடந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

"ரோட்டுல இன்னாத்துக்குப் பேசிக்கினு போறீங்க?" அண்ணன் சீறினார்.

"ரூம்ல நைட் ஷிப்ட் ஆளு தூங்குது. பேசினா திட்டுது."

"மொட்டை மாடியில் பேசலாமே?" என்றேன் நான்.

பிகாஷ் தயங்கி, அண்ணனைப் பார்த்தான். "கதவு பூட்டு."

வாடகைக்கு விட்டால் மொட்டை மாடியைப் பூட்டுவது... எந்த ஹவுஸ் ஓனர்தான் செய்யவில்லை? கேட்டால் பாதுகாப்பு என்பார்கள்! குற்றம் என்றால் நாம் ஆளைத் தேடுகிறோம். காரணத்தைத் தேட யாருக்குப் பொறுமை?

அண்ணன் உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். "இந்தாப்பா. மேல போய்ப் பேசு. யாரும் காலி பண்ண வேணாம்."

பறித்தவன் யாரென்று இன்னும் தெரியவில்லை. ஆனால் ரேவதி விடவில்லை — பிகாஷையும் குரூப்பில் சேர்க்க வைத்துவிட்டாள்.

இனி அவன் போன் போனாலும், தெருக் கணக்கில் அதுவும் ஒரு திருட்டுதான்.