பை கட்டிய மொட்டுகள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் காஜா பெராங்கில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். கணவர் மேல்படிப்புக்காக லண்டன் போயிருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அவருடைய கடிதங்கள் மெலிந்துகொண்டே வந்தன. ஏன் என்று நானும் கேட்கவில்லை. வீம்பு.

அறைக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் செண்டுடுக் புதர் மண்டிக் கிடந்தது. ஊதாப் பூ பூக்கும். ஊரார் களை என்று வெட்டி எறியும் செடி. பட்டத்துக்கு நான் ஆராய எடுத்துக்கொண்டது அதைத்தான். மொட்டையான நிலத்தில் மறுபடி காடு வரவேண்டுமானால் முதலில் அது வரவேண்டும். அது காய்க்க, பட்டமரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு வேண்டும். ஆகவே பட்டமரங்களை விட்டுவையுங்கள் என்பது என் கட்சி. பேராசிரியர் நம்பவில்லை. வண்டு இல்லாமலே காய்க்கும் என்றார். அவர் சொல்வது சரியென்றால் என் இரண்டு வருட உழைப்பு அம்போ.

அதனால் சில மொட்டுகளுக்கு, வண்டு நுழையாதபடி, மல் துணியில் பை கட்டினேன். தினமும் காலையில் போய் முடிச்சுகளைத் தடவிப் பார்ப்பேன். பேச்சுத்துணைக்கு வண்டுகளின் ரீங்காரம்தான்.

ஒருநாள் என் வெள்ளைப் பைகளுக்கு நடுவே மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. பக்கத்து வீட்டு அக்கா கட்டியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“நீங்க புள்ள வரம் கேட்டுக் கட்டுறீங்கன்னு தெரியும் டீச்சர். ஒத்தையா வேண்டுறீங்களேன்னு நானும் ஒண்ணு கட்டினேன்லா. தப்பா?” என்றார்.

நான் டீச்சரும் இல்லை, கட்டியது வேண்டுதலும் இல்லை. இரண்டையும் சொல்லவில்லை. அந்தக் கிளையைக் கணக்கிலிருந்து நீக்கினேன். முடிச்சை மட்டும் அவிழ்க்க மனம் வரவில்லை.

சில வாரம் கழித்துப் பைகளைப் பிரித்தேன். வெளியே இருந்த பூக்கள் நன்றாகக் காய்த்திருந்தன. பைக்குள் ஒன்றுகூட நிற்கவில்லை, எல்லாம் கருகி உதிர்ந்திருந்தன. ஜெயித்துவிட்டேன்! யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் திரும்பினேன். வேலியோரம் அக்கா நின்றிருந்தார்.

“ஒண்ணுகூட நிக்கலியா டீச்சர்?” அவர் கண் கலங்கியிருந்தது.

அதுதான் எனக்கு வேண்டியது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அழாதீங்க. அடுத்த வருசம் ரெண்டு பேரும் சேர்ந்தே கட்டுவோம்.”

“சரிக்கா,” என்றேன். அடுத்த வருடம் கட்ட வேலையே இல்லை என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.