இங்கே ஏது மாடு

அந்த வருட மழைக்கு எங்கள் மாடுகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. தீவனம்தான் போனது. அடையாற்றங்கரையில் அவை மேய்கிற புல் முழுவதும் கறுப்புச் சேற்றுக்கு அடியில் கிடந்தது. கொட்டகைப் பரணில் இருந்த வைக்கோல் நனைந்து பூசணம் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அழவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

இரண்டில் ஒன்று சினை, அதை நினைத்துத்தான் கவலை. கன்று போடும்வரை அதன் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்டால் பால் வரும், குடும்பம் தப்பிக்கும். மயிலாப்பூர் கோயில் வாசலுக்கு ஓட்டிப்போவேன். வருகிறவர்கள் புண்ணியத்துக்கு அகத்திக்கீரை வாங்கிக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் கீரை குவியும். மற்ற நாட்களில் யாருக்கும் அவ்வளவு புண்ணியம் தேவைப்படாது. மாட்டுக்கு நாள் கிழமை ஏது?

அப்போதுதான் தெருவில் ஒரு பேச்சு வந்தது. மழையில் தீவனம் போனவர்களுக்கு அரசாங்கம் மானிய விலையில் வைக்கோலும் தவிடும் கொடுக்கப் போகிறதாம். ஆட்கள் வந்து மாட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்களாம். வீட்டுக்காரர் நம்பினார். பரணைத் துடைத்துக்கூட வைத்தார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் நிற்கிற மாட்டைப் பிடித்துப்போய் அபராதம் போடும் மாநகராட்சி வண்டிக்கு, மாடு பிடிக்கிற வண்டிக்கு, பயந்து வந்த வழக்கம். அரசாங்க வண்டி எது நுழைந்தாலும் முனை டீக்கடைக்காரர் பெஞ்சில் டம்ளரைத் தட்டுவார். உடனே மாடுகளைப் பின்கதவு வழியாகக் கல்யாண மண்டபத்துச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்துவோம். யோசிக்கவே மாட்டோம். கை தானாகக் கயிற்றை அவிழ்க்கும்.

அன்றைக்கும் டம்ளர் சத்தம் கேட்டது. நான் மாடுகளோடு பின்னால் போய் நின்றேன். வாசலில் வீட்டுக்காரரோடு பேசுவதெல்லாம் காதில் விழுந்தது.

"மாடு வச்சிருக்கீங்களா?"

"மாடா? இன்னா சார், இங்க ஏது மாடு? எல்லாம் எங்க நைனா காலத்தோட போச்சு."

"கொட்டகை இருக்கே?"

"சும்மா, தட்டுமுட்டு சாமான் போட்டு வச்சிக்கினு கீறோம்."

வந்தவர் சாணியை மிதித்திருக்க வேண்டும், செருப்பைத் தரையில் தேய்த்தார். பிறகு கொட்டகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் பின்பக்கம் வந்து சிரித்தார். மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

மறுநாள் அடுத்த தெருவில் வைக்கோல் கட்டுகள் இறங்கின. வந்தவர்கள் தீவனத்துக்குக் கணக்கெடுக்கிறவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சினை மாட்டை ஓட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா தன் போனில் எங்கள் காலிக் கொட்டகையைக் காட்டினார். "நீங்களேதான் மாடு இல்லன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப ஓட்டிக்கிட்டு வந்தா, யார் வீட்டு மாடுன்னு மேல கேப்பாங்களேம்மா. பட்டியல் எல்லாம் அனுப்பியாச்சு." மாடு செத்திருந்தால் அதற்கு வேறு உதவி உண்டு என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெளியே மாடு சுவர் போஸ்டரைக் கிழித்து மென்றுகொண்டிருந்தது.

"வித்துடலாமா?" என்று வழியில் நான்தான் கேட்டேன்.

"வேற இன்னா பண்றது" என்றார்.

இரண்டையும் செங்கல்பட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டார். விற்கிறவர்கள் பழைய கயிற்றைக் கொடுக்கக் கூடாது, அதனால் கயிறுகளை மட்டும் அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். வண்டிக்குள் பச்சைப் புல் போட்டிருந்தார்கள். சினை மாடு குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

சில வாரம் கழித்து மறுபடியும் டம்ளர் சத்தம். இந்தத் தடவை வந்தது மாடு பிடிக்கிற வண்டியேதான்.

"மாடு எங்கப்பா?"

"இல்ல சார்" என்றார் வீட்டுக்காரர்.

வந்தவர் நம்பவில்லை. கொட்டகைக்குள் நுழைந்து மூலை மூலையாகப் பார்த்துவிட்டு, "எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பின்கதவைத் திறந்துகொண்டு, இரண்டு கயிற்றையும் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன்.