தார் வீதியில் மாடுகள்

இன்று விடியற்காலை இருட்டில் வவுனியாவுக்கு வேலைக்குப் போகும்போது நடந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தை மாதப் பனி உங்களுக்குத் தெரியும். சட்டைக்குள் பழைய பேப்பரை மடித்து வைத்தும் நெஞ்சு விறைத்தது.

ஓமந்தை தாண்டியதும், தார் வீதியில் மாடுகள் படுத்திருப்பது மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. பிரேக் பிடித்தேன். சில்லு வழுக்கி, கடைசி மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அந்தக் கடைசி மாடு எழும்பி உட்கார்ந்தது.

சாக்கைப் போர்த்திய ஒரு பெண். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், உண்மையான மாடு ஒன்றின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நித்திரை.

"றோட்டிலயே படுக்கிறது? உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன்.

"நெல்லு அருவி வெட்ட வந்தனாங்கள், ஐயா. வயல் கரையெல்லாம் ஒரே ஈரம். தார்தான் காய்ஞ்சு, கொஞ்சம் சூடாக் கிடக்கு."

"லொறி வந்தால்?"

"அதுக்குத்தான் மாட்டோட படுக்கிறனாங்கள். மாடெண்டால் விலத்திப் போவினம். போன வருசம் இதுகளின்ர தகப்பன் தனியப் படுத்தவர்."

வண்டியை உருட்டி, அவர்களை விலத்திக்கொண்டு புறப்பட்டேன்.

வழி நெடுக யோசித்துக்கொண்டு போனேன். படுத்திருப்பது மனிதர் என்று தெரிந்திருந்தால் ஹோர்ன் அடித்திருப்பேன், எழும்பி விலகுவார்கள்தானே என்று. மாடு எழும்பாது, மோதினால் வண்டி உடையும். அதனால்தான் பிரேக் பிடித்தேன்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? நல்ல பிள்ளை வேடம் போடாமல் சொல்லுங்கள்.