அறுபடாத வெள்ளைக் கோடு

அப்பாவின் துண்டு முடிச்சிலிருந்து அந்தக் கல் வெளியே வந்த கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோழி முட்டையளவு கறுப்புக் கல். அதன் இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. இரத்தினபுரியில் மாணிக்கம் வாங்கும் முதலாளி அதை உருட்டிப் பார்த்து, “மேக்க நிக்கங் கலக்” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். வெறுங்கல்லாம். அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பாவின் தங்கையான என் அத்தை, கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே திரும்பியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ‘தாலி அறுத்தவ’ என்று பேசாத வாய் எங்கள் தோட்டத்தில் குறைவு. நிவித்திகலப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்த ஒருவர் அவளைப் பெண் கேட்டு அந்தக் கல்லைக் கொடுத்தனுப்பியிருந்தார். குழிக்காரர் கொடுத்த கல் என்றதும் அது மாணிக்கம்தான் என்று லயமே முடிவு கட்டியது. கல்லைச் சோதித்துவிட்டுத்தான் மாப்பிள்ளைக்குப் பதில் என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார்.

வீடு திரும்பியதும், இந்தச் சம்பந்தம் சரிவராது என்றார். அத்தை கல்லை வாங்கி, கோட்டின் மேலேயே விரலை ஓட்டிச் சுற்றி வந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு விவரம் தெரிந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

“வெல பாக்கவா இத குடுத்தாரு? நல்லா சுத்திப் பாருங்கண்ணே. கோடு எங்கயாச்சும் அறுந்திருக்கா?”

அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் அறுபடவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவர வரச் சொல்லு” என்றார். தை மாதம் தோட்டத்துக் கோவிலில் கல்யாணம். தப்பு மேளச் சத்தத்துக்கு நான் ஆடிய ஆட்டத்தை இன்றும் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இப்போது நான் புவியியல் ஆசிரியை. போன மாதம் அத்தை வீட்டில் அந்தக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு பாடமே நடத்திவிட்டேன். பூமிக்கடியில் பாறை வெடிக்கும். வெடிப்புக்குள் சூடான நீர் புகும். அதில் கரைந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, வெள்ளையாக இறுகி வெடிப்பை அடைத்துவிடும். பிறகு ஆறு அதை உருட்டி உருட்டி வழவழப்பாக்கும்போது, அடைபட்ட வெடிப்பு நமக்குச் சுற்றிக் கட்டிய கயிறாகத் தெரியும் என்றேன்.

அத்தை கடைசிவரை கவனமாகக் கேட்டாள். பிறகு அடுப்பு எரிந்த குசினிப் பக்கம் திரும்பி மாமாவைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க வாங்க. நம்ம கதையத்தான் புள்ளைங்களுக்குப் பாடமா வச்சிருக்காங்களாம்.”