செவ்வாய், வெள்ளிக் கடுதாசி

ராஜாங்கத்தின் சுரங்க கேட் பாஸில் பெயருக்குக் கீழே 'அன்ஸ்கில்டு' என்று போட்டிருக்கிறது. தமிழில் சொன்னால், தொழில் ஏதும் தெரியாதவர். பத்தொன்பது வருடத்தில் காண்ட்ராக்டர் ஆறு பேர் மாறிவிட்டார்கள். அந்த ஒரு சொல் மட்டும் பெர்மனென்ட். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை வாரி மறுபடியும் பெல்ட்டிலேயே போடுவது அவர் வேலை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கையெழுத்தைப் படிப்பது அந்தப் பாஸில் ஏறவில்லை.

அந்தக் கையெழுத்தில் புள்ளி கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் மூச்சு விட இடம் கிடையாது. எண்ணெல்லாம் தமிழ் எண். ராஜாங்கம் அதை பஸ் போர்டு படிப்பதைப் போலப் படிக்கிறார். பேங்க் படிவம் என்றால் மட்டும் அடுத்தவரிடம் நீட்டிவிடுகிறார். அவர் மனைவி அம்சவல்லிக்கு இது தீராத எரிச்சல். "கரண்டு ஆபீசு நோட்டீசு வந்தா எதிர்வூட்டுப் பொண்ணுகிட்ட ஓடறாரு. செத்தவங்க கடுதாசின்னா ராகம் போட்டுப் படிச்சிக்கினு உக்காந்துக்கறாரு" என்று வடக்குத்தில் அவர்கள் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆன ஓர் அதிகாரி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, லாரியில் சாமான் ஏற்றப் போனவர்கள் இரண்டு பேர்: ராஜாங்கம், அவரோடு ஒரே கேங்கில் இருந்த ஜெயராமன். பழைய பேப்பர் கடைக்கென்று ஒதுக்கியிருந்த ஒரு கட்டுக்குள் நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களின் ஜெராக்ஸ் கிடந்தது. கடலூர்த் துணி வியாபாரி முத்தையப்பனும், தரங்கம்பாடியில் வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன சவரிராயனும் 1752 முதல் 1781 வரை ஒருவருக்கொருவர் எழுதியவை. முதல் நாற்பதை அதிகாரி இன்றைய எழுத்தில் டைப் அடித்துப் பின்னாலேயே குத்தி வைத்திருந்தார். பிறகு அவருக்கு அலுத்துவிட்டது போலும். அந்த நாற்பதை வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்கக் கற்றார்கள், சாப்பாட்டு ஷெட்டில், ஐந்து வருடம். முத்தையப்பன் கடிதத்தை ஜெயராமன் படிப்பார், சவரிராயன் கடிதத்தை ராஜாங்கம்; அதுவே பட்டப்பெயரும் ஆயிற்று. கேங்கில் மற்றவர்கள் சீட்டாடினார்கள்.

இருபத்தொன்பது வருடத்தில் அந்தப் பழைய சிநேகிதர்கள் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே தடவை. அன்றைக்கும் சண்டை. கடிதத்தில் மட்டும் அப்படியொரு குழைவு. 'நீர் அனுப்பிவித்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெண்சாதியைப் பார்த்தேன். திருப்பி அனுப்பலாமென்று யோசனை' என்று முத்தையப்பன் எழுதுவார். 'எதை?' என்று சவரிராயன் கேட்டெழுதுவது நாலு மாதம் கழித்து வந்து சேரும். இதற்கு ஷெட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

போன பொங்கலுக்கு முன்னால் ஜெயராமனுக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன. சொந்த ஊரான சேத்தியாத்தோப்புக்கே திரும்பிப் போனார். செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். இரண்டு மாதத்தில் வெறுத்துவிட்டது. "மாட்டக்கூட இப்படிக் குத்தமாட்டாங்கடா. எனக்கு வாணாம்." ராஜாங்கத்துக்குத் தேற்றத் தெரியாது; அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். படிக்காத கடிதம் இன்னும் அறுபதுக்குப் பக்கம் இருந்தது. "ஊசி ஏத்திக்கினு படுத்தீன்னா போன்ல ஒண்ணு படிப்பேன். வூட்ல படுத்திருந்தா போனே எடுக்கமாட்டேன்" என்றார்.

மிரட்டல் பலித்தது. ஒரு தடவைக்கு ஒரு கடிதம். நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணோடு சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ராஜாங்கம் இரண்டு குரலிலும் படிப்பார்.

நூற்றுப் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார். கடைசிக் கடிதத்தை அவர் முன்பே எழுத்துக்கூட்டிப் பார்த்திருந்தார். முத்தையப்பன் எழுதியது. கால் வீக்கம், மாங்காய் காய்க்காதது, வடக்கே குதிரைக்காரர் வருகிறார்கள் என்ற வதந்தி. 'மற்ற சேதியெல்லாம் அடுத்த கடுதாசியில் விவரமாயெழுதுகிறேன்.' அதற்கப்புறம் கட்டுக்குள் ஒன்றுமில்லை. சாவுச் சேதி இருந்திருந்தால் படித்திருப்பார். இதைப் படிக்க முடியவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த இருவர் பேரிலும் தானே எழுத உட்கார்ந்தார்.

மூன்று வாரத்தில் ஆறு கடிதம். பழைய கடிதங்களைப் போலவே தொடக்கத்தில் 'சேமம்' இருந்தது, பத்திக்குப் பத்தி 'அப்பால்' இருந்தது. அவருக்கே கொஞ்சம் பெருமை. ஆறாவதில், கப்பல் வந்த நாளைப் பற்றி முத்தையப்பன் எழுதுவதாக, 'எனக்கு மாற்றாள் வராததினாலே மறுபொழுதும் நானே நின்று பார்த்துவிட்டு வந்தேன்' என்று படித்தார். ஜெயராமன் குறுக்கிட்டார்.

"டேய் சவரி."

"சொல்லுடா."

"முத்தையப்பன் துணி யாவாரிதான?"

"ஆமா."

"சொந்தக் கடைல அவனுக்கு எதுக்குடா ரிலீவரு? டபுள் டூட்டி பாக்கறானா?"

அந்தப் பக்கம் மெஷின் கூவிக்கொண்டிருந்தது. ஜெயராமன் சிரித்தார், சிரித்து இருமி, இருமல் அடங்க நேரமாயிற்று.

"எத்தினி நாளா எழுதிக்கினு கீற?"

"மூணு வாரம்."

"நல்லாதான் எழுதற. மெய்யான கடைசி ஒண்ணு இருக்குமில்ல? வெள்ளிக்கெழம அதப் படிச்சிடு. அதோட வுட்டுடலாம்."

எதை விடுவது என்று ராஜாங்கம் கேட்கவில்லை.

மறுநாள் ஜெயராமன் மனைவி செங்கமலம் போன் செய்தார். "அண்ணே, தீந்துபோச்சின்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. கட்டு நெறைய கெடக்குதுன்னு சொல்லுங்க. கடுதாசி இல்லன்னா அவுரு மெஷினுக்கு வரமாட்டாரு. போவலன்னா பத்து நாளு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிக்கினு இருக்காரு."

"செரிம்மா" என்றார் ராஜாங்கம்.

அன்று சாயங்காலமே ஏழாவதை எழுதினார். இதில் மாற்றாள் இல்லை, டூட்டி இல்லை. பதில் வந்தே தீர வேண்டிய ஒரு கேள்வியோடு முடிந்தது. அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். முத்தையப்பனே கையெழுத்துப் போட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை சைக்கிள் ஸ்டாண்டில் சட்டைப் பையில் இரண்டு தாள் இருந்தன: ஏழாவது, பீரோவிலிருந்து எடுத்த கடைசி. போன் மூன்றாவது தடவை அடித்ததும் ஜெயராமன் எடுத்தார். குரல் தேய்ந்திருந்தது.

"எதுடா கைல வெச்சிருக்க?"

செங்கமலத்துக்குக் கொடுத்த வார்த்தையை ராஜாங்கம் காப்பாற்றவில்லை. நூற்றுப் பன்னிரண்டாவது கடிதத்தைத் தேதியிலிருந்து 'அடுத்த கடுதாசியில் விவரமாயெழுதுகிறேன்' என்ற கடைசிச் சொல் வரைக்கும் படித்தார். தன் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.