மருதமா, கரடியா?

என் மனைவிக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'தட்டுக்காரி'. வனத்துறையில் மரப்பிரிவு. மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டுவாள், காதை வைத்துக் கேட்பாள். உள்ளே பொந்து என்றால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. குறி விழுந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் காது ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

நான் விலங்குப் பிரிவில் கரடி எண்ணுகிறவன். ஒருவர் பதிவேட்டை மற்றவர் தொடக்கூடாது. கல்யாணமான புதிதில் ஆபீஸ் சண்டை வீடுவரை வந்ததால், வீட்டில் அந்தப் பேச்சே கூடாதென்று நாங்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். எங்களைப் போல மடையர்கள் உண்டா!

இந்த வருடம் மேலதிகாரி எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு படிவத்தை நீட்டினார். மேற்குச் சரிவில் மருதமரத்தைக் காப்பதா, கரடியைக் காப்பதா? இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை டிக் செய்ய வேண்டும். எதற்கு ஆயுள் அதிகம், எது வேகமாகப் பெருகும், எது இடம்விட்டு இடம் போகும். மரம் நடக்குமா என்று கேட்க ஒரு கட்டம்! எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் இருவர் வரைபடத்தையும் விரித்தோம்.

"ஏங்க, இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் என்ன?"

"கரடி குட்டி போடுற பொந்து."

"அத்தனையும் நான் சிவப்பு போட்ட மரம்ங்க."

மொத்தம் முப்பத்தொன்று. முப்பதை வெட்டியாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றில் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் இருந்தன. மறுநாள் காலை வெட்ட ஆள் வருகிறது.

மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

"பொந்து மரம்னா வெட்டணும், அதான் விதி. உறுதியான மரம்னா விட்டுவைக்கலாம். லீவு நாள்ல ஏன்யா உயிரை வாங்குற?"

உள்ளே கரடி இருந்தால்? அதற்கு விதியில் இடம் இல்லையாம். வைத்துவிட்டார்.

அவள் வெள்ளைத்தாளை எடுத்தாள். "நான் தட்டினது தப்பு, மரம் உறுதியாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"உன் பேரே கெட்டுடுமேடி."

"கெட்டா கெடட்டும். முப்பது மரத்துக்கு வாயைத் திறக்காத மனுஷன், இப்ப மட்டும் தடுக்க வராதீங்க."

பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

மரம் தப்பியது. காது சரியில்லை என்று சொல்லி, சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு, அவளைத் தபால் பிரிவில் உட்காரவைத்தார்கள். நேற்று ஒருவன் அவள் காதருகே குனிந்து, "அக்கா, டீ வேணுமா?" என்று அலறினான். ஹாலே சிரித்தது.

"வேணும்ப்பா," என்றாள், தபாலிலிருந்து தலை தூக்காமல்.