குட்டை இறக்கை, நெட்டை இறக்கை

சுப்பையா நாயக்கர் காலமானார் என்று அலுவலகப் பியூன் வந்து சொன்னபோது, நான் ஒரு பூச்சியின் இறக்கையை வரைந்துகொண்டிருந்தேன். வரைந்து முடித்துவிட்டுத்தான் காஜா பேராங்கில் இருக்கும் அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். அவராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய 'நாந்தி டூலு' நினைவிருக்கும். தலைமுறைகளாக மலாயே வீட்டு மொழியாகிப்போன கம்போங் செட்டித் தமிழர், மலாயில்தான் பேசுவார். கொஞ்சம் பொறு என்பதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். விவசாய இலாகாவில் பூச்சிகளை இனம் பிரிப்பது அவர் வேலை, அவற்றை வரைவது என் வேலை.

கிளேபாங் பக்கத்து லாலாங் புல்லில் புல்லின் சாற்றை உறிஞ்சும், அரிசியைவிடச் சிறிய நாவாய்ப்பூச்சி ஒன்றை அவர் கண்டெடுத்தார். இறக்கை பாதி முதுகோடு நின்றிருந்தது. அதே புல்லில் நீள இறக்கைப் பூச்சியும் உண்டு. அதற்கு ஏற்கெனவே அறிவியல் பெயர் உண்டு. குட்டை இறக்கைக்காரன் தனிப் பேரினம் என்று நாயக்கர் கட்டுரை எழுதினார். சுதந்திரம் வரப்போகிற நேரம். நம் ஊர்க்காரர் ஒருவர் பெயரிடும் பேரினம் என்று தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கே பெருமை. கம்போங் முழுக்கச் செய்தி போய்விட்டது. நான் இரண்டு மாதம் கண் வலிக்க வரைந்திருந்தேன்.

கட்டுரையோடு அனுப்பப் புதிதாகச் சில பூச்சிகள் வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கிளேபாங் போனோம். ஒரு புல்லின் மடலுக்குள் இரண்டு பூச்சிகள் இணைந்திருந்தன. ஒன்று குட்டை இறக்கை, மற்றது நீள இறக்கை. வெவ்வேறு பேரினமாக இருந்தால் இணையாதே என்றார் நாயக்கர்.

ஒரு ஜோடியை வைத்து முடிவு கட்டக் கூடாது, பூச்சிகளும் ஆள் மாறிப் போவதுண்டு என்று நான் வாதாடினேன். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டவர், அந்த ஜோடியைப் பக்குவம் செய்து அட்டையில் ஒட்டி வைத்தார். பிறகு இன்னொரு குட்டை இறக்கைப் பெண்ணைப் பிடித்து, வீட்டில் ஜாம் போத்தலில் புல் போட்டு வளர்த்தார். சாப்பாட்டு மேசையில் பூச்சியா என்று அவர் மனைவி சண்டை பிடித்தாராம். சில வாரங்கள் கழித்து நாயக்கர் என்னைக் கூப்பிட்டார். அந்த ஒரே பூச்சியின் குஞ்சுகள் வளர்ந்து, குட்டையும் நெட்டையுமாகப் போத்தலில் ஊர்ந்தன.

"சாமா ஜுகா, மணி. மாக் பூன் சாத்து," என்றார். எல்லாம் ஒன்றுதான், தாயும் ஒன்றுதான். குரலில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை.

இதை யார் கண்டார்கள், அனுப்பிவிடுங்கள் என்றேன்.

"நான் கண்டேனே," என்று தமிழில் சொன்னார். அனுப்புவதற்காகத் துரையிடம் கொடுத்திருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். துரை கப்பலேறிவிட்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

சாவு வீட்டில் உறவுக்காரர் ஒருவர், அவர் பெயர் வைத்த பூச்சி எது என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

அன்று அவர் ஒட்டிய ஜோடி, பிரிக்கப்படாமல், என் மேசையில் இருக்கிறது. அவர் இனம் கண்டு பெட்டிகளில் அடுக்கிவைத்த பூச்சிகளும் அலுவலகத்தில் நிறைய உண்டு. மற்றவர்கள் அடுக்கியதை நான் ஒருமுறை சரிபார்த்த பிறகே வரைவேன். அவருடையதை அப்படியே எடுத்து வரைகிறேன்.